பிரேக் பெடல் தரை தட்டினால்: கோளாறைப் படிப்படியாகப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

பிரேக் பெடல் கீழே இறங்குகிறது என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஊற்றுவார்கள். அடுத்து நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பார்கள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். அப்போதும் சரியாகாவிட்டால், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவார்கள். இந்த வரிசையில் போனால் ஊற்றிய ஆயில் கசிவின் அளவை மறைத்துவிடும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்ததில் அதுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டரும் கெட்டிருக்கும். அதன்பிறகு எது முதல் கோளாறு, எது நாமே உண்டாக்கியது என்று பிரித்தறிய வழியில்லை.

ஆகவே இங்கே ஆயில் ஊற்றுவதும் ஏர் எடுப்பதும் கடைசிக்குப் போகின்றன. முதலில் காலால் உணர்வது, பிறகு கண்ணால் தேடுவது, அதன்பின் ஒவ்வொரு பகுதியாக அடைத்துப் பார்ப்பது என்று வேலை நகரும்.

வேக்யூம் பூஸ்டரும் (வெற்றிடத்தால் மிதியின் பலத்தைக் கூட்டுவது), ஆயிலை இரண்டு தனிச் சுற்றுகளாக அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் உள்ள வழக்கமான கார்களுக்கே இது பொருந்தும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணுக் கட்டுப்பாடு இருக்கலாம். சிலவற்றில் உயர் அழுத்த ஆயில் சேமிப்பும் உண்டு. அவற்றை ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் சோதனைக் கருவி) இல்லாமல் பிரிக்கக் கூடாது.

## 1. வண்டியை நிறுத்துங்கள், மட்டத்தைக் குறியுங்கள்

இரண்டு மூன்று முறை அடித்தால் பெடல் மேலே வந்துவிடுகிறது, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். குறுக்கே ஒருவர் வந்தால் ஒரு மிதிக்குத்தான் நேரம் இருக்கும். வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இன்னொரு வண்டியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைபிரேக்கை மட்டும் நம்ப முடியாது. நான்காம் படியில் அதை விட்டும் இழுத்தும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பிரேக் ஆயில் டப்பாவின் வெளிப்பக்கத்தில் இப்போதைய ஆயில் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அரை நிமிட வேலைதான். ஆனால் கசிவு வெளியே போகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா என்ற பெரிய கேள்விக்குப் பிறகு பதில் சொல்லப்போவது இந்தக் கோடுதான்.

## 2. கைவசம் இருக்க வேண்டியவை

பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். தனியாகச் செய்தால் பாதிச் சோதனைகள் அரைகுறையாக நிற்கும்.

ஜாக்கியோடு, காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டுகளும் வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். டார்ச், சிறு கண்ணாடி, நூல் உதிராத துணி, டேப் அளவுகோல், வெள்ளை அட்டை, கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றச் சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனர் ஆகாது. நட்டை ஏறக்குறைய முழுவதும் சுற்றிப் பிடிக்கும் பைப் நட் ஸ்பேனர் தேவை. பல கார்களுக்கு 10 அல்லது 11 மி.மீ. அளவு சரியாக இருக்கும். சாதாரண ஸ்பேனரால் நட்டின் முனை மழுங்கினால், பிறகு பைப்பையே வெட்டி மாற்ற நேரிடும்.

ரப்பர் ஹோஸை அடைக்க உருண்டை வாயுள்ள ஹோஸ் கிளாம்புகள், மாஸ்டர் சிலிண்டரின் வாய்களை அடைக்கச் சரியான மரையுள்ள பிளக்குகள், ஏர் எடுக்க ஒளி ஊடுருவும் குழாய், ஒரு பாட்டில், முத்திரை உடைக்காத புது பிரேக் ஆயில் டின் ஆகியவையும் வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே மேல்.

## 3. பெடல் எப்படி இறங்குகிறது?

'இறங்குகிறது' என்ற ஒரே சொல்லுக்குள் ஏழு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. இங்கே அவசரப்படாமல் இருந்தால் பின்னால் பாதி வேலை குறையும்.

முதலில் ஒரு போலி எச்சரிக்கையை ஒதுக்கிவிடுவோம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதித்துப் பூஸ்டரில் உள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போய் நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். இதைப் பார்த்துப் பயந்து மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் உண்டு. போய் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கோளாறு.

இன்ஜின் ஓடும்போது, சிக்னலில் நிற்கும்போது கால் வைத்திருப்பதுபோல் மென்மையாக மிதித்து, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். ஸ்டியரிங் வளையத்திலிருந்து பெடல்வரை டேப்பால் அளந்து, தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அழுத்தமாக மிதித்து இன்னொரு நிமிடம். இரண்டும் தேவை. காரணம், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் ஆயில் அழுத்தத்தால்தான் விரிந்து சுவரோடு ஒட்டுகிறது. அழுத்தி மிதித்தால் தேய்ந்த கப்கூட ஒட்டிக்கொண்டு ஆயிலைத் தாங்கிவிடும். மெல்ல மிதிக்கும்போது கப்பின் உதடு, அதாவது விளிம்பு, தளர்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் நழுவும். ஓங்கி மிதித்துவிட்டு 'பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது' என்று திருப்பி அனுப்பப்படும் கார்கள் பெரும்பாலும் இந்தக் கோளாறு உள்ளவைதான்.

இப்போது நீங்கள் பார்த்தது எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

மெல்ல மிதித்தால் இறங்குகிறது, அழுத்தினால் நிற்கிறது, ஆயில் குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வால்வும் இதே மாதிரி நடிக்கக்கூடும்.

எப்படி மிதித்தாலும் இறங்குகிறது, ஆயிலும் குறைகிறது. வெளிக்கசிவு.

முதல் மிதி தாழ்வாக, இரண்டாவது மிதி உயரமாக. பிடித்தால் அங்கேயே நிற்கிறது. கசிவு எதுவும் இல்லை. டிரம் பிரேக்கில் ஷூவுக்கும் அது அழுத்தும் டிரம்முக்கும் நடுவே, அல்லது டிஸ்க் பிரேக்கில் பேடுக்கும் அது அழுத்தும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது.

பஞ்சுபோல் அமுங்குகிறது, அடிக்க அடிக்க மேலே வருகிறது, காலுக்குக் கீழே துள்ளுகிறது. உள்ளே காற்று.

நீண்ட இறக்கத்தில் இறங்கி வந்தபின் பெடல் போய்விட்டது, ஆறியதும் திரும்பிவிட்டது. ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது.

திடீரென்று பாதிக்கு மேல் இறங்கி அங்கே கெட்டியாகிறது, பிரேக் விளக்கும் எரிகிறது. இரண்டு சுற்றில் ஒன்று போய்விட்டது. மற்றதில்தான் பெடல் நிற்கிறது.

எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொப்பென்று விழுகிறது. டப்பா காலியாக இருக்கலாம். அதற்கு முன்னால் பெடலுக்கு மேலே குனிந்து, தள்ளுகம்பியைப் பெடலோடு இணைக்கும் பின்னும் அதன் கிளிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு குறிப்பு. இன்ஜின் ஓடும்போது இருக்கும் பலமெல்லாம் கொடுத்து மிதித்தால் எந்தக் காரிலும் பெடல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஹோஸ்கள் சற்று விரியும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் சற்று வளையும். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

## 4. பின் டிரம்மைக் கைபிரேக்கால் சோதியுங்கள்

முதல் மிதி மட்டும் தாழ்வாக இருக்கும் காருக்கு இது ஒரு நிமிடச் சோதனை. பின்னால் டிரம் பிரேக் இருந்து, கைபிரேக் அதே ஷூக்களை இயக்குமானால்தான் பொருந்தும்.

கைபிரேக்கை முழுதாக விட்டுப் பெடலை ஒருமுறை மிதித்து உயரத்தைப் பாருங்கள். சில விநாடி விட்டு, கைபிரேக்கை நன்றாக இழுத்து மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் கணிசமாக மேலே நின்றால் பின் ஷூக்களின் இடைவெளி கூடியிருக்கிறது. கைபிரேக் அந்த இடைவெளியை மூடிவிட்டதால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் அதிகம் நகர வேண்டியதில்லை, பெடலும் அதிகம் இறங்கவில்லை.

தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருவேறிச் சிக்கிக்கொள்வதே இதற்கு வழக்கமான காரணம். கைபிரேக் கேபிளை இறுக்கி இதைச் சரிக்கட்டுவது தவறு. கேபிள் இழுத்தபடியே இருந்தால் ஷூ தன் ஓய்விடத்துக்குத் திரும்பாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. முதலில் ஷூவின் இடைவெளி, பிறகுதான் கேபிள்.

திருப்பங்களுக்குப் பிறகு மட்டும் முதல் மிதி தாழ்ந்தால் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலோ, டிஸ்க் நேராகச் சுழலாமல் ஆடினாலோ அது பேடைத் தள்ளிப் பின்னால் அனுப்பிவிடும்.

## 5. டப்பா சொல்லும் செய்தி

கோட்டுக்குக் கீழே மட்டம் குறைந்திருந்தால் வெளிக்கசிவு. குறையவில்லை என்றால் உள்கசிவு, காற்று அல்லது இடைவெளி.

ஆனால் பழைய காரில் மட்டம் தாழ்ந்திருப்பதாலேயே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். பேடு தேயத் தேயக் கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். பேடைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் குறைந்த ஆயில் அங்கேதான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் டப்பாவை நிரப்பினால், புதுப் பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டைப் பாழாக்கும்.

சில மேனுவல் கியர் கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும். டப்பாவின் நடு உயரத்திலிருந்து ஒரு ஹோஸ் தனியே கிளம்பினால் அது கிளட்ச்சுக்குப் போகிறது. ஆயில் அந்த வாயின் மட்டத்தோடு நின்றுவிட்டால் கிளட்ச் பக்கம் தேடுங்கள்.

மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊதிப்போய், அதன் இடத்தில் உட்கார மறுக்கிறதா? அப்படியானால் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். 'பிரேக் ஆயில்' என்று நாம் சொல்லும் பேச்சுவழக்கே இந்த விபத்துக்கு வழி செய்கிறது. வழக்கமான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம், எண்ணெயே அல்ல. பிரேக்கின் ரப்பர் பாகங்கள் அந்தத் திரவத்துக்கென்று செய்யப்பட்டவை. எண்ணெய் பட்டால் ஊதி, மென்மையாகி, உதடு கெட்டுவிடும்.

உறுதிசெய்ய, டப்பாவிலிருந்து சில சொட்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் சோதனை அத்தோடு முடிந்தது. மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புப் பைப்புகளைக் கழுவ வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் ரப்பர் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆயிலை மட்டும் மாற்றினால் ஊதிய ரப்பர் சுருங்கிப் பழைய நிலைக்கு வராது.

## 6. வெளிக்கசிவைத் தேடும் வரிசை

ஆயில் குறைகிறது என்றால் அது எங்கோ ஈரமாகத்தான் இருக்கிறது. தேடுவதற்கு முன் சக்கரங்களுக்குப் பின்னாலும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழேயும் வெள்ளை அட்டையைப் பரப்பி, உதவியாளரை இரண்டு நிமிடம் பெடலைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓய்வில் கசியாத இடம் அழுத்தத்தில் கசியும்.

முதலில் சக்கரங்கள். டயரின் உட்பக்கச் சுவர் ஈரமாக, வழுவழுப்பாக இருந்தால் அதற்கு மேலேதான் கசிவு. கேலிப்பரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசி ரப்பரைப் பாருங்கள். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ஓர ரப்பரை மழுங்கிய முனையால் மெல்லத் தூக்குங்கள். லேசான ஈரப்பசை இருக்கலாம், ஆயில் வழியக் கூடாது. ஆயிலில் ஊறிய ஷூவையும் பேடையும் கழுவிப் பயன்படுத்த முடியாது. அந்த அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து ஹோஸ்கள். வெடிப்பு மட்டுமல்ல, மிதிக்கும்போது எங்காவது குமிழ்போல் ஊதுகிறதா என்றும் பாருங்கள். அதன்பின் இரும்புப் பைப்புகள், முக்கியமாகக் கிளிப்புக்கு அடியில் ஈரமும் மண்ணும் தங்கும் இடங்கள். துரு தின்ற பைப் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழும்.

எங்கும் ஈரம் இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது என்றால் பூஸ்டருக்குள் போகிறது. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, பைப்புகளைக் கழற்றாமல் அவை வளையும் அளவுக்குள் சிலிண்டரைச் சற்று முன்னால் இழுத்துப் பாருங்கள். பின்முனை நனைந்திருந்தால் விடை கிடைத்தது. உள்ளே போன ஆயிலை இன்ஜின் உறிஞ்சி, புகையாகவும் வெளியே விடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பின்பக்கச் சீல் பிரேக் அழுத்தத்தைத் தாங்குவதில்லை, டப்பாவின் ஆயிலை மட்டுமே தடுக்கிறது. ஆகவே அது கசிந்தாலும் டப்பா வறண்டு காற்று புகும்வரை பெடல் நன்றாகவே இருக்கும்.

## 7. மாஸ்டர் சிலிண்டரைத் தனியாக்கிச் சோதிப்பது

வெளியே ஈரம் இல்லை, மெல்ல மிதித்தால் இறங்குகிறது என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மீது விழும். சந்தேகத்தை வைத்துப் பாகத்தை வாங்க வேண்டாம், அடைத்துப் பாருங்கள்.

எளிய முன்சோதனை ஒன்று: மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு டப்பாவுக்குள் டார்ச் அடியுங்கள். உதவியாளர் மெல்ல மிதிக்கும்போது தொடக்கத்தில் ஆயில் சற்றுச் சுழித்து அடங்கலாம். ஈடுசெய் துளையை (டப்பாவையும் சிலிண்டரையும் இணைக்கும் சிறு துளை) கப் தாண்டும் கணம் அது, இயல்பானதே. பெடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் சுழிப்பு தொடர்ந்தால் ஆயில் கப்பைத் தாண்டித் திரும்பி வருகிறது. சில சிலிண்டர்களில் துளைக்குப் பதில் பிஸ்டனின் நடுவில் ஒரு வால்வு இருப்பதால் சுழிப்பு தெரியாமலும் போகலாம். எனவே முடிவான சோதனை பிளக்தான்.

சிலிண்டரில் இரண்டு வாய் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். எத்தனை இருந்தாலும் அத்தனையையும் அடைக்க வேண்டும். 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இழைத் தூரமும் உள்ள மரை பரவலானது, 12 மி.மீ. மரையும் உண்டு. மரை பொருந்தினால் மட்டும் போதாது, பிளக்கின் முனை உள்ளே இருக்கும் இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். கையில் கிடைத்த போல்ட்டைத் திருகினால் இருக்கை சிதையும், ஆயிலும் நிற்காது. அப்படிக் கசிந்ததைப் பார்த்துச் சிலிண்டர் கெட்டது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கீழே துணி விரித்து, ஒரு பைப்பைக் கழற்றியதும் உடனே அந்த வாயை அடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கழற்றிய பைப் முனைகளுக்கும் ரப்பர் மூடி போடுங்கள். இப்போது உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். உதவியாளர் மென்மையாக மிதித்துப் பிடிக்க, ஒரு பிளக்கைக் கால் திருப்பு தளர்த்தி, காற்று வந்ததும் இறுக்கி, அதன்பின் பெடலை விடச் சொல்லுங்கள். எல்லா வாயிலும் குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் காற்றின் துள்ளலைக் கசிவு என்று நினைக்க நேரும்.

இப்போது மிதியுங்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் பெடல் சற்றே நகர்ந்து கல்லில் மிதித்ததுபோல் நின்றுவிடும். மெல்ல ஒரு நிமிடம், அழுத்தி ஒரு நிமிடம். அசையாமல் நின்றால் சிலிண்டர் குற்றமற்றது. பிளக் எதிலும் ஈரம் இல்லாமல் பெடல் இறங்கினால் சிலிண்டரை மாற்றுங்கள்.

## 8. ஹோஸை அடைத்துச் சக்கரம் சக்கரமாக

சிலிண்டர் தேறிவிட்டதா? பைப்புகளை மாட்டி, அங்கே ஏர் எடுத்துவிட்டு, எல்லா ரப்பர் ஹோஸ்களையும் கிளாம்பால் அடையுங்கள். சாதாரணக் குறடு ஹோஸின் உட்சுவரைக் கிழித்துவிடும், வேண்டாம். இரும்புப் பின்னல் உள்ள ஹோஸை எதனாலும் நெரிக்காதீர்கள். வெடிப்பு விட்ட ஹோஸ் என்றால் மாற்ற வேண்டியதுதானே, சோதிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எல்லாம் அடைபட்ட நிலையில் பெடல் உயரமாக, கெட்டியாக நின்றால் கோளாறு கிளாம்புக்கு அப்பால், ஏதோ ஒரு சக்கரத்தில். ஒவ்வொன்றாகத் திறந்து மிதியுங்கள். ஒரு நல்ல சக்கரத்தைத் திறந்தாலும் பெடல் கொஞ்சம் இறங்கும், அந்தப் பிஸ்டன்களுக்கும் ஆயில் வேண்டுமே. மற்றவற்றைவிடச் சட்டென்று அதிகமாக இறங்கும் சக்கரம்தான் நீங்கள் தேடுவது. அங்கே ஷூ இடைவெளி, காற்று, சிக்கிய கேலிப்பர் என்று பாருங்கள்.

அந்தக் கேலிப்பரில் ஏர் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிப்பிள் கீழே இருந்தால் வலது கேலிப்பரை இடப்பக்கம் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே திறந்து ஒரு டின் ஆயிலைச் செலவழித்தாலும் அது வெளியே வராது.

## 9. எல்லாம் அடைத்தும் இறங்கினால் ஏபிஎஸ்

மாஸ்டர் சிலிண்டர் பிளக்கில் நின்றது. ஹோஸ்கள் அடைபட்டும் பெடல் இறங்குகிறது. பைப்புகள் உலர்ந்திருக்கின்றன. மிச்சம் ஏபிஎஸ் யூனிட்தான்.

அதற்குள் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வின் இருக்கையில் சிறு தூசி மாட்டினாலும் ஆயில் உள்ளே இருக்கும் சேமிப்பறைக்கு நழுவும். அறை சிறியது என்பதால் பெடல் ஓரளவு இறங்கி நிற்கக்கூடும். ஸ்கேனரால் பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கினால் சில நேரம் தூசி நகர்ந்து சரியாகும். சரியாகாவிட்டால் யூனிட்டை மாற்ற வேண்டும். ஏபிஎஸ்ஸைத் தூண்டுவதற்காகப் பெடல் நிற்காத காரைச் சரளை மண்ணில் ஓட்டி பிரேக் அடிக்கும் யோசனையைக் கேட்க வேண்டாம்.

## 10. கொதித்த ஆயில்

ஆறியதும் பெடல் திரும்பிவிடும் காரில் எந்தக் கசிவுச் சோதனையும் எதையும் காட்டாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை சரியும்.

பிரேக் ஆயில் வகைகளை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். புது ஆயிலுக்குத் தரம் விதிக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3 வகைக்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230, டாட் 5.1 வகைக்கு 260. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் இதே அளவுகோல் 140, 155, 180 என்று இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் இந்தச் சூட்டைத் தொடுவது கடினமில்லை. கொதித்த இடத்தில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும்.

ஆயிலை முழுதாக மாற்றுவதோடு, சக்கரம் எதுவும் விடாமல் பிடித்துக்கொண்டு சூடாகிறதா என்றும் பாருங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது வேறு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

## 11. மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போது

புதுச் சிலிண்டரை மாட்டுவதற்கு முன் வெளியிலேயே காற்றை எடுத்துவிட வேண்டும். உடலை நெரிக்காமல், பூஸ்டரில் உட்காரும் காதை மட்டும் வைஸில் பிடியுங்கள். வாய்களிலிருந்து குழாய்களை டப்பாவுக்குள்ளேயே திருப்பி, ஆயிலில் மூழ்கவிட்டு, பிஸ்டனைச் சிறிது தூரம் மெதுவாகத் தள்ளி விடுங்கள். குமிழி நிற்கும்வரை தள்ளுங்கள். காரில் மாட்டியபின் எடுக்கலாம் என்று விட்டால், சாய்வாக நிற்கும் சிலிண்டரின் முனையில் தங்கிய காற்று பிடிவாதமாக இருக்கும்.

பூஸ்டரின் தள்ளுகம்பி நீளத்தைக் கையேட்டின்படி சரிபாருங்கள். நீளம் கூடினால் ஈடுசெய் துளை மூடியே கிடந்து பிரேக் விடாமல் பிடிக்கும். குறைந்தால் புதுச் சிலிண்டரிலும் பெடல் தாழ்வாகவே இருக்கும், பழியைப் பாகத்தின் மேல் போடுவோம்.

## 12. ஏர் எடுப்பது

எந்தச் சக்கரம் முதலில் என்பதைக் கையேடு சொல்லும். பல கார்களில் தூரத்துச் சக்கரம் முதல், ஆனால் குறுக்குச் சுற்று (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே சுற்றில்) உள்ளவற்றில் வரிசை மாறும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், தரைவரை போக வேண்டாம். பழைய சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். முழு மிதியில் கப் அதன்மேல் உரசிக் கிழியும். 'ஏர் எடுத்த பிறகுதான் பெடல் இறங்க ஆரம்பித்தது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். சக்கரத்தில் இருப்பவர் 'மிதி' என்று சொல்ல, மேலே இருப்பவர் மிதித்து, 'மிதிச்சாச்சு' என்று பதில் சொன்ன பிறகே நிப்பிளைத் திறக்க வேண்டும். பெடல் கட்டையைத் தொட்டதும் 'கீழ போயிருச்சு' என்பார். நிப்பிளை மூடிவிட்டு அப்புறம்தான் 'விடு'. இந்தப் பேச்சு தவறி, மூடுவதற்கு முன் கால் எடுத்தால் நிப்பிள் வழியே காற்று உள்ளே திரும்பிவிடும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் மிதித்து எடுப்பது போதாது. ஸ்கேனரில் உள்ள ஏர் எடுக்கும் கட்டளை தேவைப்படும்.

## 13. ஓட்டுவதற்கு முன்

இன்ஜினை அணைத்துப் பெடலின் உயரத்தைப் பாருங்கள். பிறகு இன்ஜின் ஓட, மூன்றாம் படியின் அதே இரண்டு மிதிகள், மெல்ல ஒரு நிமிடம், அழுத்தி ஒரு நிமிடம். டேப்பால் அளந்து முதல் அளவோடு ஒப்பிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் நிப்பிளையும் வெள்ளைத் துணியால் தொட்டு, கறை இல்லை என்று பாருங்கள்.

அதன்பின் ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் நடை வேகத்தில் நகர்த்தி, ஒரு கை கைபிரேக்கில் இருக்க, பிரேக் போடுங்கள். நின்றால் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் சில முறை. திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்தின் சூட்டையும், தொடாமல், கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது.

டப்பாவின் பழைய கோட்டை அழித்துவிட்டு இப்போதைய மட்டத்தில் புதுக்கோடு போடுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் அந்தக் கோட்டையும், கழற்றி மாட்டிய இணைப்புகளையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.